நல்ல பொம்மை எது? 1,018 குழந்தைகளிடம் கேட்ட கேள்வி

பிறந்து ஆறு மாதமே ஆன குழந்தை. அதற்குப் பேசத் தெரியாது. நடக்கத் தெரியாது. துணையில்லாமல் உட்காரவும் சரியாக வராது.

அந்தக் குழந்தைக்கு நல்லவன் யார், கெட்டவன் யார் என்று தெரியுமா?

"தெரியும்" என்று 2007-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் சொன்னார்கள். அந்தச் செய்தி உலகம் முழுவதும் பரவியது.

"அந்தப் பரிசோதனையை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது" என்று 2024-ம் ஆண்டில் 37 ஆராய்ச்சிச்சாலைகள் ஒன்று சேர்ந்து சொல்லிவிட்டன.

இதில் ஒரு விசேஷம் உண்டு. முதலில் "தெரியும்" என்று சொன்ன பெண்மணியே, பிறகு அந்த 37 ஆராய்ச்சிச்சாலைக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். தன்னுடைய முடிவு சரிதானா என்று சோதிக்கத் தானே முன்வந்தார்.

இப்படி நடப்பது அபூர்வம். ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியவர், அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா?

மலை ஏறிய பொம்மை

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்ற ஊர் இருக்கிறது. யேல் சர்வகலாசாலை அங்கேதான் உள்ளது. அங்கே கைலி ஹாம்லின், கேரன் வின், பால் புளூம் என்ற மூவர் மனோதத்துவ ஆராய்ச்சி செய்தார்கள். மனோதத்துவம் என்றால், மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயும் சாஸ்திரம்.

அவர்கள் குழந்தைகளுக்கு ஒரு சின்னப் பொம்மை நாடகம் காட்டினார்கள்.

மேடையில் ஒரு சிறிய மலை. மரத்தில் செய்த வட்டப் பொம்மை ஒன்று அதில் ஏறப் பார்க்கிறது. பொம்மைக்குப் பெரிய பெரிய கண்கள். அது ஏறுகிறது, சறுக்குகிறது. மறுபடி ஏறுகிறது; மறுபடியும் சறுக்குகிறது.

மூன்றாவது தடவை ஏறும்போது, கீழேயிருந்து ஒரு முக்கோணப் பொம்மை வந்து முட்டுக் கொடுத்து மேலே தள்ளுகிறது. வட்டப் பொம்மை உச்சிக்குப் போய்விடுகிறது.

அடுத்த காட்சியில் கதை மாறுகிறது. மேலேயிருந்து ஒரு சதுரப் பொம்மை வருகிறது. ஏறி வருகிற வட்டத்தைப் பிடித்துக் கீழே தள்ளிவிடுகிறது.

முக்கோணம் உதவி செய்த பொம்மை. சதுரம் கெடுத்த பொம்மை.

தாயின் மடியில் இருந்தபடி குழந்தை இரண்டு காட்சிகளையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. பிறகு இரண்டு பொம்மைகளையும் அதன் எதிரில் நீட்டுகிறார்கள். குழந்தை எதை நோக்கிக் கை நீட்டுகிறது?

இதில் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தார்கள். பாதிக் குழந்தைகளுக்கு முக்கோணம் நல்ல பொம்மை. மற்றப் பாதிக்குச் சதுரம் நல்ல பொம்மை. "முக்கோணம் அழகாக இருந்தது, அதனால் எடுத்தது" என்று யாரும் சொல்லிவிடக்கூடாது அல்லவா? குழந்தை எடுக்கும் சமயத்தில் தாய் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தாயின் முகத்தைப் பார்த்தே பிள்ளை புரிந்துகொள்ளும்.

முடிவு என்ன தெரியுமா? பத்து மாதக் குழந்தைகள் 16 பேரில் 14 பேர் உதவி செய்த பொம்மையை எடுத்தார்கள். ஆறு மாதக் குழந்தைகள் 12 பேர். 12 பேருமே உதவி செய்த பொம்மையைத்தான் எடுத்தார்கள்!

ஒரு காசைப் பன்னிரண்டு முறை சுண்டினால், பன்னிரண்டு முறையும் தலையே விழுவது 4,096-ல் ஒரு தடவைதான் நடக்கும். ஆகவே இதைத் தற்செயல் என்று யாரும் நினைக்கவில்லை. "நேச்சர்" என்ற புகழ் பெற்ற விஞ்ஞானப் பத்திரிகை 2007 நவம்பரில் இதை வெளியிட்டது.

ஏன் இத்தனை பரபரப்பு?

மனிதன் பிறக்கும்போதே நல்லவனா? அல்லது வளர்ப்பினால் நல்லவன் ஆகிறானா? இது ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மனிதர் கேட்டுவரும் கேள்வி. இதற்குப் பன்னிரண்டு பச்சைக் குழந்தைகள் பதில் சொல்லிவிட்டதாக உலகம் மகிழ்ந்தது.

மனிதர் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டு, கூடி வேலை செய்து பிழைக்கிற இனம். அந்தக் குணத்தின் வேர் தொட்டிலிலேயே இருக்கிறது என்றால், பிள்ளை வளர்ப்பு, பள்ளிப் பாடம் எல்லாவற்றையும் பற்றிய எண்ணமே மாறிவிடும். டெலிவிஷனில் காட்டினார்கள். புத்தகங்களில் எழுதினார்கள். கல்லூரி மாணவர்கள் பாடமாகப் படித்தார்கள்.

துள்ளல் தகராறு

ஐந்து ஆண்டு கழித்து நியூசிலாந்திலிருந்து ஓர் ஆட்சேபம் வந்தது. ஒட்டாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த டேமியன் ஸ்கார்ஃபும் அவருடைய கூட்டாளிகளும் 2012-ல் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்கள்.

உதவி கிடைத்து உச்சிக்குப் போனதும் வட்டப் பொம்மை சந்தோஷத்தில் துள்ளிக் குதிக்கிறது. கீழே தள்ளப்பட்டபோது துள்ளவில்லை. குழந்தைக்குத் துள்ளல் என்றால் கொண்டாட்டம். ஆகவே குழந்தை விரும்பியது உதவியையா, துள்ளலையா?

அவர்கள் நாடகத்தை மாற்றிப் பார்த்தார்கள். கீழே தள்ளப்பட்ட பிறகு பொம்மையைத் துள்ள வைத்தார்கள். என்ன ஆயிற்று? குழந்தைகள் கெடுத்த பொம்மையை எடுக்க ஆரம்பித்தன!

ஹாம்லின் சும்மா இருக்கவில்லை. 2015-ல் பதில் கொடுத்தார். நியூசிலாந்துப் பொம்மையின் கண்மணிகள் நிலையாக மேலே பார்க்கவில்லை. பொம்மை மேலே போக ஆசைப்படுகிறது என்பதே குழந்தைக்குப் புரிந்திருக்காது. புரியாவிட்டால் உதவி எது, கெடுதல் எது என்று எப்படித் தெரியும் என்பது அவர் வாதம்.

இரண்டு பக்கமும் நியாயம் இருப்பது போலத்தான் தோன்றுகிறது. இதற்கிடையே வேறு ஆராய்ச்சிச்சாலைகளும் இறங்கின. சில இடத்தில் "ஆம்" என்று வந்தது. சில இடத்தில் "இல்லை" என்று வந்தது.

ஏன் இந்தக் குழப்பம்? ஒவ்வொரு இடத்திலும் குழந்தைகள் மிகக் கொஞ்சம். பத்து, பதினைந்து, இருபது. கைக்குழந்தைகளை வைத்துப் பரிசோதனை செய்வது லேசான காரியம் அல்ல. தாயைச் சம்மதிக்கச் செய்ய வேண்டும். குழந்தை வரும் நேரத்தில் தூங்கும். தூங்காவிட்டால் அழும். அழாவிட்டால் பொம்மையைப் பார்க்காமல் விளக்கைப் பார்க்கும். ஒரு வருஷம் பாடுபட்டாலும் ஓர் ஆராய்ச்சிச்சாலைக்குச் சில பத்துக் குழந்தைகள் கிடைத்தால் அதிகம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. "ஆம்" என்று வந்தால் பத்திரிகை பிரசுரிக்கும். "ஒன்றும் தெரியவில்லை" என்று வந்தால் யார் பிரசுரிப்பார்கள்? அந்தக் காகிதம் மேஜை டிராயருக்குள் போய்விடும். வெளியே தெரிவது வெற்றிகள் மட்டும்.

பாட்டுக் கேட்டால் வயது குறையுமா?

இந்த வியாதி குழந்தை ஆராய்ச்சியில் மட்டும் இல்லை. மனோதத்துவம் முழுவதிலுமே பரவியிருந்தது. 2011-ல் அது வெட்டவெளிச்சமாயிற்று.

அந்த ஆண்டு ஹாலந்து தேசத்தில் டீடரிக் ஸ்டாபெல் என்ற பிரபல பேராசிரியர், பரிசோதனை செய்யாமலேயே கணக்குகளை இட்டுக்கட்டி எழுதியது அம்பலமானது. அவருடைய கட்டுரைகளில் 58 திரும்பப் பெறப்பட்டன.

அது பச்சைப் பொய். பொய்யைப் பிடித்தால் தீர்ந்தது. ஆனால் பொய் சொல்லாமலே தப்பான முடிவுக்கு வர முடியும் என்பதுதான் பெரிய அபாயம். அதை அதே ஆண்டில் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கை மூலம் காட்டினார்கள்.

பென்சில்வேனியா சர்வகலாசாலை மாணவர்கள் 20 பேரைக் கூப்பிட்டார்கள். சிலருக்குப் பீட்டில்ஸ் கோஷ்டியின் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். அறுபத்து நாலு வயதாகும் காலத்தைப் பற்றிய பாட்டு அது. மற்றவர்களுக்கு வேறு இசை. பிறகு கணக்குப் பார்த்தால், பீட்டில்ஸ் பாட்டுக் கேட்டவர்களின் வயது ஏறக்குறைய ஒன்றரை வருஷம் குறைந்திருந்தது!

பாட்டுக் கேட்டு இளமையாகத் தோன்றினார்கள் என்பதல்ல. பிறந்த தேதிப்படியே வயது குறைந்துவிட்டதாம்!

இது நடக்கக்கூடிய காரியமா? நடக்காது. அதைச் சொல்லத்தான் இந்த வேடிக்கை. மாணவர்களிடம் பல கேள்விகளைக் கேட்டு வைத்துக்கொண்டார்கள். தகப்பனார் வயது என்ன என்பது அதில் ஒன்று. கணக்கைப் பல விதமாகப் போட்டுப் பார்த்தார்கள். தங்களுக்குச் சாதகமாக வந்த கணக்கை மட்டும் வெளியே காட்டினார்கள். எல்லாம் அன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் சாதாரணமாகச் செய்துவந்த காரியங்கள்தான்.

அம்பு எய்துவிட்டு, அது குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் போட்டால், எய்தவன் ஒவ்வொருவனும் அர்ச்சுனன்தான்!

நூற்றுக்கு முப்பத்தாறு

வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் என்ற ஊரில் 2013-ல் "திறந்த விஞ்ஞான மையம்" தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் மனோதத்துவப் பேராசிரியர் பிரையன் நோசெக்.

அவர் தலைமையில் 270 பேர் சேர்ந்து, பத்திரிகைகளில் வெளியான 100 மனோதத்துவப் பரிசோதனைகளை மறுபடி செய்து பார்த்தார்கள். முதலில் செய்தபோது நூற்றுக்கு 97-ல் "உண்டு" என்று வந்திருந்தது. மறுபடி செய்தபோது நூற்றுக்கு 36-ல் மட்டுமே "உண்டு" என்று வந்தது. 2015-ல் இது வெளியானபோது மனோதத்துவ உலகமே ஆடிப்போயிற்று.

மறுபடி செய்தபோது வராததெல்லாம் பொய் என்று அர்த்தமல்ல. ஆளும் இடமும் மாறினால் முடிவு மாறலாம். ஆனாலும் 97 எங்கே, 36 எங்கே?

கணக்கு நோட்டை விரித்து வை!

இதற்கு மருந்தாக வந்ததுதான் "திறந்த விஞ்ஞானம்". பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. ஏலச் சீட்டு நடத்துகிறவர் கணக்கு நோட்டை எல்லோர் எதிரிலும் விரித்து வைக்கிறார் அல்லவா? அதைப் போன்றதுதான் இது.

பரிசோதனை தொடங்குவதற்கு முன்பே, என்ன செய்யப் போகிறோம், எத்தனை பேரைச் சோதிக்கப் போகிறோம், யாரைக் கணக்கில் சேர்க்கமாட்டோம் என்றெல்லாம் எழுதி, தேதி போட்டு, இணையத்தில் பதிவு செய்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. அம்பு எய்யும் முன்பே வட்டம் போட்டுவிட வேண்டும் என்பதுதான் சட்டம்.

பரிசோதனை முடிந்ததும், கிடைத்த கணக்கு விவரங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்க்கும்படி வெளியே வைக்க வேண்டும். குழந்தையின் முகத்தை ஊருக்குக் காட்ட வேண்டும் என்பதல்ல. பெயரும் முகமும் ரகசியம்; கணக்கு பகிரங்கம்.

பத்திரிகைகளும் மாறத் தொடங்கின. 2013-ல் கிறிஸ் சேம்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளரின் முயற்சியால் "கார்டெக்ஸ்" என்ற பத்திரிகை ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தது. திட்டத்தைப் பார்த்தே கட்டுரையை ஏற்றுக்கொள்வது. முடிவு எப்படி வந்தாலும் பிரசுரிப்பது. மேஜை டிராயருக்கு இனி வேலை இல்லை.

பலன் என்ன? சாதாரண முறையில் வந்த 152 கட்டுரைகளையும் புது முறையில் வந்த 71 கட்டுரைகளையும் ஒப்பிட்டு, 2021-ல் ஒரு கணக்கு எடுத்தார்கள். பழைய முறையில் நூற்றுக்கு 96 கட்டுரைகளில் ஆராய்ச்சியாளர் நினைத்ததே நடந்திருந்தது. புது முறையில் நூற்றுக்கு 44-ல்தான் நடந்தது.

ஊர் கூடி இழுத்த தேர்

இப்போது பொம்மைக்கு வருவோம்.

தனித்தனியாக இருபது குழந்தைகளை வைத்துக்கொண்டு சண்டை போடுவதைவிட, எல்லோரும் ஒரே நாடகத்தைக் காட்டி, கிடைத்ததை ஒரே கணக்கில் சேர்த்தால் என்ன? குழந்தை ஆராய்ச்சிக்காரர்கள் இப்படி ஒரு கூட்டணி அமைத்துக்கொண்டார்கள். அதன் பெயர் "மெனி பேபீஸ்". தமிழில் சொன்னால் "ஏராளமான குழந்தைகள்".

இந்தக் கூட்டணி முதலில் எடுத்துக்கொண்டது தாய்மார்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "என் கண்ணே, என் ராஜாவே" என்று குரலை உயர்த்தி இழுத்துக் கொஞ்சிப் பேசினால் குழந்தை கவனித்துக் கேட்கிறது. பெரியவர்களிடம் பேசுவது போலப் பேசினால் அவ்வளவாகக் கேட்பதில்லை. இது நிஜமா என்று 67 ஆராய்ச்சிச்சாலைகளில் 2,329 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. நிஜம்தான்! கொஞ்சு மொழி ஜெயித்துவிட்டது.

பிறகு பொம்மை நாடகத்தை எடுத்தார்கள். கெல்சி லூக்கா என்ற பெண்மணி முன்னின்று நடத்தினார். அப்போது கனடாவில் வான்கூவர் நகரத்துச் சர்வகலாசாலையில் பேராசிரியையாக இருந்த கைலி ஹாம்லினும் இதில் சேர்ந்தார்.

ஐந்து கண்டங்களில் 37 ஆராய்ச்சிச்சாலைகள். ஐந்தரை மாதம் முதல் பத்தரை மாதம் வரையிலான குழந்தைகள் 1,018 பேர். எல்லா இடத்திலும் ஒரே காட்சி காட்டவேண்டும் என்பதற்காக நாடகத்தைப் படமாகத் தயாரித்துத் திரையில் ஓட்டினார்கள். விதிகளை முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்துவிட்டார்கள்.

அந்த விதிப்படி கழித்ததுபோக 567 குழந்தைகள் கணக்கில் நின்றார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் போய்விட்டார்களே என்று தோன்றும். கைக்குழந்தை விவகாரத்தில் அது சகஜம். யார் யாரைக் கழிப்பது என்ற விதி, முடிவு தெரிவதற்கு முன்பே எழுதப்பட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

எத்தனை குழந்தைகள் உதவி செய்த பொம்மையை எடுத்தார்கள்?

நூற்றுக்கு 49.34!

அதாவது சரிபாதி. பூவா, தலையா என்று காசைச் சுண்டியது போலத்தான். உதவிய பொம்மை, கெடுத்த பொம்மை என்ற பேதமே குழந்தைகளிடம் தெரியவில்லை.

இன்னொரு சோதனையும் சேர்த்துச் செய்தார்கள். உயிருள்ளது போன்ற பொம்மைக்குப் பதிலாக வெறும் ஜடப் பொருளை மேலே தள்ளுவது, கீழே தள்ளுவது. அதில் மேலே தள்ளியதை எடுத்தவர்கள் நூற்றுக்கு 55.85. இதுவும் தற்செயலாக வரக்கூடிய அளவுதான் என்று கணக்கு சொல்லிற்று.

கட்டுரை 2024-ம் ஆண்டின் கடைசியில் வெளியாயிற்று. எழுதியவர்கள் பெயர்ப் பட்டியலில் கடைசிப் பெயர் கைலி ஹாம்லின். 2007-ல் அவரை உலகறியச் செய்த முடிவுக்கு எதிரான கட்டுரையில் அவரே கையெழுத்துப் போட்டார்.

அப்படியானால் குழந்தைக்கு ஒன்றுமே தெரியாதா?

அப்படிச் சொல்லிவிடக் கூடாது. 37 ஆராய்ச்சிச்சாலைக்காரர்களும் அப்படிச் சொல்லவில்லை. இந்த மலை நாடகத்தில் அந்தக் குணம் தெரியவில்லை. அது முன்பு நினைத்ததைவிட மிகக் குறைவாக இருக்கலாம், இல்லாமலே இருக்கலாம், அல்லது இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு வரலாம் என்பதுதான் அவர்கள் சொன்னது. கண் எதிரே நடக்கும் பொம்மலாட்டமும் திரையில் ஓடும் படமும் பச்சைக் குழந்தைக்கு ஒன்றுதானா என்ற கேள்வியும் இருக்கிறது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் உதவி செய்வதை வேறு பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் தோமசெல்லோ என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒன்றரை வயதுப் பிள்ளைகள் 24 பேரைப் பார்த்தார்கள். கை நிறையச் சாமான் வைத்திருக்கும் ஒருவர் அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கிறார். யாரும் சொல்லாமலே பிள்ளை தத்தித் தத்தி நடந்துபோய்க் கதவைத் திறந்துவிடுகிறது! இப்படிப் பலவிதச் சோதனைகள். 24 பேரில் 22 பேர் ஒரு தடவையாவது உதவி செய்தார்கள்.

ஆறு மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் நடுவில் வீட்டில் எவ்வளவோ நடக்கிறது. பிள்ளை பார்க்கிறது, கேட்கிறது. அந்த ஒரு வருஷத்தில்தான் ரகசியம் இருக்கிறதோ என்னவோ!

பத்து விநாடி தர்மம்

பெரியவர்கள் விஷயத்திலும் இதே மாதிரி ஒரு வழக்கு நடந்தது. அதையும் தெரிந்துகொண்டால்தான், "யாரைக் கழிப்பது என்று முன்பே எழுதி வை" என்ற விதியின் அருமை விளங்கும்.

ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த டேவிட் ராண்டு, ஜோஷுவா கிரீன், மார்ட்டின் நோவாக் ஆகியோர் 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நான்கு பேர் சேர்ந்து ஆடும் ஒரு பண விளையாட்டு அது. ஆளுக்கு 40 சென்ட் கொடுக்கப்படும். சென்ட் என்பது அமெரிக்கச் சில்லறைக் காசு. அதில் எவ்வளவு வேண்டுமானாலும் பொது உண்டியலில் போடலாம். உண்டியலில் விழுந்த பணம் இரட்டிப்பாக்கப்பட்டு, நான்கு பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படும்.

நான்கு பேரும் முழுப் பணத்தையும் போட்டால் 160 சென்ட் சேரும். அது 320 ஆகும். ஆளுக்கு 80. எல்லோருக்கும் லாபம்!

ஒருவர் மட்டும் போடாமல் இருந்துகொண்டால்? 120 சென்ட் சேரும். அது 240 ஆகும். ஆளுக்கு 60. போடாதவருக்கு மட்டும் அந்த 60-உடன் கையில் இருந்த 40-ம் சேர்ந்து 100. கூட்டாளிகளை ஏமாற்றுபவனுக்குக் கூடுதல் லாபம். கூட்டுறவு முயற்சி எதிலும் உள்ள கஷ்டம் இதுதான்.

சிலரிடம் "பத்து விநாடிக்குள் முடிவு செய்" என்றார்கள். மற்றவர்களிடம் "பத்து விநாடியாவது யோசித்த பிறகு முடிவு செய்" என்றார்கள். அவசரமாக முடிவு செய்தவர்கள் அதிகமாகப் போட்டார்கள்! நூற்றுக்கு 15 பங்கு அளவு வித்தியாசம் தெரிந்தது. "மனிதனின் முதல் எண்ணம் தர்மம், யோசிக்க யோசிக்கத்தான் சுயநலம் வருகிறது" என்று பேச்சுப் பரவியது. கேட்க எவ்வளவு இனிமை!

2017-ல் 21 ஆராய்ச்சிச்சாலைகள் சேர்ந்து, திட்டத்தை முன்கூட்டிப் பதிவு செய்துவிட்டு, இதே விளையாட்டை நடத்தின. அப்போது ஒரு சங்கதி வெளிப்பட்டது. பத்து விநாடிக்குள் முடிவு செய்யச் சொன்னவர்களில் நூற்றுக்கு 65.9 பேர் அந்த நேரத்துக்குள் முடிக்கவில்லை! மூன்றில் இரண்டு பங்கு.

அவர்களையெல்லாம் தள்ளிவிட்டு, மீதிப் பேரை மட்டும் கணக்கிட்டால், அவசரக்காரர்கள் நூற்றுக்கு 10.37 பங்கு அதிகம் கொடுத்தார்கள். எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் வித்தியாசம் இல்லவே இல்லை. 0.37 பங்கு குறைவாகவே இருந்தது.

ஒரு பள்ளிக்கூடம் மந்தமான பிள்ளைகளைப் பரீட்சைக்கே அனுப்பாமல் நிறுத்திவிட்டு, "எங்கள் பள்ளியில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று விளம்பரம் போட்டால் எப்படி? அதுதான் இங்கேயும் நடந்தது. சட்டென்று முடிவு செய்கிறவர்கள் ஒரு தினுசு மனிதர்கள். தயங்குகிறவர்கள் வேறு தினுசு. தயங்குகிறவர்களை ஒரு பக்கத்தில் மட்டும் கழித்துவிட்டால், அவசரம் மனிதனைத் தர்மவானாக்கியது போலத் தோன்றும்.

ஹார்வர்டுக்காரர்கள் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. அவர்களுடைய மூலக் கணக்கு கிடைத்ததால்தான், எல்லோரையும் சேர்த்தால் அதிலேயே வித்தியாசம் 15-லிருந்து 8.6 ஆகக் குறைகிறது என்று மற்றவர்களால் சொல்ல முடிந்தது. கணக்கைப் பூட்டி வைத்திருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

வைத்தியர் வீட்டிலும் வியாதி

திறந்த விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தவர்கள் மட்டும் தவறே செய்யாதவர்களா? அவர்களுக்கும் ஒரு சோதனை வந்தது.

2023 நவம்பரில் "நேச்சர் ஹியூமன் பிஹேவியர்" என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியானது. முன்கூட்டிப் பதிவு செய்வது முதலிய புது விதிகளைக் கடைப்பிடித்தால், மறுபடி செய்யும்போதும் அதே முடிவு பெரும்பாலும் வருகிறது என்று அது சொல்லிற்று. நான்கு ஆராய்ச்சிச்சாலைகள் சேர்ந்து செய்தது. எழுதியவர்களில் பிரையன் நோசெக்கும் ஒருவர். பாட்டுக் கேட்டு வயது குறைந்த வேடிக்கையைச் செய்த நெல்சனும் இன்னொருவர்!

ஜோசப் பாக்-கோல்மன், பெர்னா டெவெசர் என்ற இருவருக்குச் சந்தேகம் தட்டியது. பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். கட்டுரையில் சொன்ன முக்கியமான கேள்வி, முன்கூட்டி எழுதிவைத்த திட்டத்தில் இல்லை. முதலில் எழுதிவைத்தது வேறொரு கேள்வி. முன்கூட்டிப் பதிவு செய்வதன் பெருமையைப் பேசிய கட்டுரையிலேயே, அதைப் பற்றிச் சொன்னது சரியில்லை!

எழுதியவர்கள் அந்த வாக்கியம் பிழைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். வேண்டுமென்று செய்ததல்ல என்றார்கள். ஆனாலும் பத்திரிகை 2024 செப்டம்பரில் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

சந்தேகப்பட்டவர்கள் யார் வீட்டுப் பூட்டையும் உடைக்கவில்லை. யாரிடமும் போய்க் கெஞ்சவும் இல்லை. திட்டம், தேதி, கணக்கு எல்லாம் அந்த விஞ்ஞானிகளே இணையத்தில் திறந்து வைத்தவை. ஆட்சேபம் எழுதியவர்கள் அதை எடுத்து வாசித்தார்கள், தேதியை ஒப்பிட்டார்கள், அவ்வளவுதான்.